குளிர்காலத்தில் மரப்படகின் உட்புறம்: எந்த இடத்துக்கு எந்தப் பூச்சு?

படகின் கூடு முடிந்து, நிமிர்த்தி வைத்து, மேல்தளமும் ஏறிவிட்டது. வெளியே குளிர். வெளிப்புறப் பெயிண்ட் வேலைக்கு இனி வெயில் திரும்ப வேண்டும். வீட்டில் படகு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் உள்ளே புகுகிறார்கள். நல்ல முடிவு. உட்புறம் சிறிய இடம், அதைச் சூடாக்கலாம், மழை வந்தாலும் வேலை நிற்காது.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது வண்ண அட்டையை. வண்ணம் கடைசியில் முடிவாகட்டும். அதற்கு முன் ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். படகு தண்ணீரில் இறங்கிய பிறகு இந்த இடத்துக்கு என் கை மறுபடி போகுமா? இந்தக் குளிரில் இங்கிருக்கும் மரத்தை எவ்வளவு சூட்டில், எத்தனை நாள் என்னால் வைத்திருக்க முடியும்? இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தப் பூச்சு என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் பிளைவுட்டும் எபாக்சியும் (ரெசின் என்ற பிசினோடு ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து பூசும் பசை) சேர்த்துக் கட்டிய படகுகளுக்குப் பொருந்தும். பலகை பலகையாக வங்குகளில், அதாவது படகின் விலா எலும்பு போன்ற சட்டங்களில், அறைந்து கட்டிய பழைய முறைப் படகுக்கு எங்கே வழி மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தாளும் பென்சிலுமாக உள்ளே போங்கள்

படகின் உட்புறத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு பகுதியையும் மூன்று வகையில் ஒன்றாகக் குறியுங்கள்.

முதல் வகை, மூடியபின் கை போகாத இடங்கள்: தரைப்பலகைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மிதவை அறைகளுக்குள், அணியத்தின் (படகின் முன்பகுதி) கூர்முனை. இரண்டாம் வகை, கை போகும், ஆனால் யாரும் பார்க்காத இடங்கள்: படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகள், அலமாரிகளின் உட்புறம். மூன்றாவது, தினமும் கண்ணும் கையும் படும் இடங்கள்: பக்கச் சுவர், கூரையின் உட்புறம், மேசை, கைப்பிடி, தரை.

கட்டுகிறவரின் ஆசையும் பணமும் மூன்றாம் வகைக்கே போகும். படகின் ஆயுளோ முதல் வகையில்தான் இருக்கிறது. பார்க்கும் இடத்தில் பூச்சு கெட்டால் அடுத்த ஆண்டு உப்புத்தாள் போட்டு இன்னொரு கோட் அடிக்கலாம். கை போகாத இடத்தில் கெட்டால் அறுத்துத்தான் திறக்க வேண்டும். அதனால் நல்ல பூச்சையும், நல்ல வெப்பநிலை கிடைக்கும் நாட்களையும் முதல் வகைக்கு ஒதுக்குங்கள்.

2. உங்கள் குளிரை அளந்து கொள்ளுங்கள்

ஒரு வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி, மரத்தின் ஈரத்தைக் காட்டும் ஊசிக்கருவி. இந்த மூன்றும் இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை மட்டும்தான். பூச்சு ஒட்டப்போவது மரத்தில். ஹீட்டர் போட்ட ஒரு மணி நேரத்தில் காற்று 18 டிகிரியைத் தொட்டுவிடும், வெளிக்கூட்டோடு ஒட்டிய பலகை இன்னும் 8 டிகிரியிலேயே இருக்கலாம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். 8 டிகிரிப் பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். அதன் மேல் தீட்டும் வார்னிஷ் மங்கும், பெயிண்ட் பின்னாளில் உரியும். மரத்தின் மேற்பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது அதிகமாக இருக்கட்டும். முந்தைய நாளே சூடாக்கத் தொடங்கி, ஓர் இரவு முழுக்க அந்தச் சூட்டில் வைத்திருந்தால் மரமும் காற்றோடு சமமாகிவிடும்.

குளிர்காலத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 5 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள வெளிக்காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதோடு ஈரத்தைச் சேர்க்காமல் சூடாக்கினால் போதும், உட்புறம் கோடையைவிட உலர்வாகவே இருக்கும்.

ஈரத்தைச் சேர்க்காமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் எரியும்போது தண்ணீரை உண்டாக்குகின்றன. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உள்ளேயே தங்கிவிடும். கூடவே வரும் கரியமில வாயு எபாக்சியைக் கெடுக்கும், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் மெதுவாகச் சூடாக்கினாலும் அதுவே நல்லது. படகின் மேல் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு, அதற்குள் ரேடியேட்டரைத் தாழ்வான இடத்தில் வைத்தால் பட்டறை முழுவதையும் சூடாக்கும் செலவு மிச்சம். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதாக இருந்தால் உறிஞ்சுபொருள் சுழலும் வகையைப் பாருங்கள். கம்ப்ரஸர் வகை கடுங்குளிரில் பனி கட்டிக்கொண்டு திணறும்.

மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எபாக்சி. மரத்தை அரிக்கும் பூஞ்சை வளர்வதற்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். இந்த இரண்டு எண்களும் கூடவே இருக்கட்டும்.

3. கை போகாத இடங்கள்: எபாக்சியும் பொறுமையும்

பில்ஜ் (தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம்), மிதவை அறைகள், தொட்டிகளுக்குப் பின்புறம் எல்லாவற்றுக்கும் மூன்று கோட் எபாக்சி. வெட்டுமுனைகளில், அதாவது நார்கள் வாய் திறந்து நிற்கும் ஓரங்களில், இன்னும் ஒரு கோட் கூட. தண்ணீர் பக்கவாட்டில் நுழைவதைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு வேகமாக நுழையும். படகுக்கட்டலில் அதிகம் பயன்படும் ஒகூமே பிளைவுட் எடை குறைவு, வளைக்க எளிது, ஆனால் அழுகலைத் தாங்காத மரம். படகுப் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை நல்ல பசைக்கும் நல்ல தகட்டுக்கும் உத்தரவாதம். அழுகலிலிருந்து அது காப்பாற்றாது, பூச்சுதான் காப்பாற்ற வேண்டும்.

எபாக்சி குளிரில் என்ன செய்யும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 டிகிரியில் ஒரே இரவில் இறுகுவது, 10 டிகிரியில் மறுநாள் மாலையிலும் நகம் பதியும் நிலையில் இருக்கலாம். மெதுவான ஹார்டனரைக் குளிரில் போட்டால் சில சமயம் முழுதாக இறுகாமலேயே நின்றுவிடும். குளிர்கால வேலைக்கு வேகமான ஹார்டனர் வாங்குங்கள், அதன் தாளில் எழுதியுள்ள குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கீழே போகாதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. எபாக்சியில் இரண்டு பாகங்களும் கணக்காக ஒன்றோடொன்று பிணைகின்றன. மிச்சப்பட்ட ஹார்டனர் இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கிப் பூச்சை மிருதுவாக்கிவிடும்.

ரெசினை வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். குளிரில் அது தேன்போல் கெட்டியாகி, கலக்கும்போது காற்றுக்குமிழ்களைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட நாள் குளிரில் கிடந்த ரெசின் படிகமாகிப் பால்போல் வெளுத்தாலும் தூக்கி எறிய வேண்டாம். சுமார் 50 டிகிரி வெந்நீரில் டப்பாவை நிறுத்தி வைத்துக் கலக்கினால் தெளிந்துவிடும்.

இன்னொரு சிறு நுட்பம். மரம் சூடேறும் நேரத்தில் பூசாதீர்கள். மரத்துளைகளில் உள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழாக எழும்பும். நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரைச் சற்றுக் குறைத்து, மரம் லேசாக ஆறத் தொடங்கும்போது பூசினால் எபாக்சி உள்ளே இழுக்கப்படும். பூசி முடித்ததும் மறுபடி சூட்டைச் சேருங்கள், குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கீழே இறங்க விடாமல்.

குளிரிலும் ஈரத்திலும் இறுகிய எபாக்சியின் மேல் மெழுகுபோல் வழவழப்பான ஒரு படலம் வரும். ஹார்டனரில் உள்ள அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்குவது அது. கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். அதன் மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. நல்லவேளையாக அது தண்ணீரில் கரையும். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரும் சொரசொரப்பான நார்ப்பட்டையும் போதும், பிறகு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். கழுவுவதற்கு முன் உப்புத்தாள் போடக் கூடாது. படலம் தாளை அடைத்துக்கொள்ளும், மீதி கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றப்படும். கழுவு, உலர்த்து, பிறகு தேய். இந்த வரிசையை எல்லாக் கோட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், படலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

பில்ஜுக்கு மேலே வெளிர் சாம்பலோ வெள்ளையோ இரண்டு பாகப் பெயிண்ட் (பூசும்முன் இரு திரவங்களைக் கலக்கும் வகை) ஒன்று அடியுங்கள். வெளிர் நிறத்தில்தான் எண்ணெய்க் கசிவும் கழன்ற திருகாணியும் கண்ணில் படும்.

பலகை அறைந்து கட்டிய படகுக்கு இதெல்லாம் பொருந்தாது. அந்தப் பலகைகள் தண்ணீரில் ஊறிப் பருத்துத்தான் இடைவெளியை அடைக்கின்றன. உள்பக்கம் மட்டும் எபாக்சியால் பூட்டிவிட்டால் வெளிப்பக்கம் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குள்ளேயே நிற்கும். அங்கே ஈரம் ஓரளவு ஊடுருவும் ஒற்றைப் பாகப் பெயிண்ட்தான் சரி. வங்குகளுக்கும் பலகைகளுக்கும் நடுவே காற்றோட்டம் இன்னும் முக்கியம்.

4. பெட்டிகளும் அலமாரிகளும்

இங்கே தேவை மூன்று: வெளிச்சம், பூசணம் பிடிக்காமை, வாசனை இல்லாமை. இருட்டுப் பெட்டிக்குள் வார்னிஷ் அடித்தால் தேடும் பொருள் கண்ணில் படாது. வெள்ளை போதும்.

ஆனால் எந்த வெள்ளை? எண்ணெய் அடிப்படையிலான ஆல்கைட் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் சில மாதங்களிலேயே மஞ்சளாகும். நீர் அடிப்படையிலான அக்ரிலிக் அப்படி மாறாது, மூடிய இடத்தில் வேலை செய்கிறவருக்கு அதன் ஆவியும் குறைவு. குளிரில் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு: சுமார் 10 டிகிரிக்குக் கீழே அதன் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேராது. பார்க்க உலர்ந்ததுபோல் இருந்து, தேய்த்தால் மாவாக உதிரும். டப்பா ஒருமுறை உறைந்தாலும் பெயிண்ட் வீண். இரவில் வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெயை இங்கே தவிர்க்கச் சொல்வேன். இருட்டிலும் ஈரத்திலும் அதன் மேல் பூசணம் பிடிக்கும், வாசனையும் துணிகளில் ஏறிக்கொள்ளும்.

5. பார்க்கும் இடங்கள்: எவ்வளவு பெயிண்ட், எவ்வளவு வார்னிஷ்

அழகான மரத்தைப் பெயிண்டால் மறைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் சிறிய அறையில் நான்கு சுவரும் கூரையும் வார்னிஷ் மரமாக இருந்தால் உள்ளே போனதுமே இருட்டு அழுத்தும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் படகு வடிவமைத்த நாதனியல் ஹெரஷாஃப் (1848–1938) பெயரால் இன்றும் ஒரு பாணி வழங்குகிறது: பரந்த பரப்பெல்லாம் வெள்ளை, விளிம்புச் சட்டங்களும் கைப்பிடிகளும் மட்டும் வார்னிஷ் பூசிய மஹோகனி. புதிதாகக் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. பார்வைக்கு விசாலம் கிடைக்கிறது. விலையுயர்ந்த மரம் கொஞ்சமே போதும். பட்டி வைத்து அடைத்த மூட்டுகளும் பசைக் கறைகளும் வெள்ளைக்குள் மறைகின்றன. பிளைவுட்டின் மேல்தகடு மிக மெல்லியது, சற்று அதிகம் தேய்த்தாலே கீழே உள்ள பசை தெரிந்துவிடும். வார்னிஷில் அது வடுவாகவே நிற்கும், பெயிண்டில் தெரியாது.

அப்பட்டமான பளபள வெள்ளை வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் குத்தும், பலகையின் மேடுபள்ளமும் காட்டிக்கொடுக்கும். லேசாகத் தந்தநிறம் கலந்த அரைப் பளபளப்பு துடைக்கவும் எளிது.

வார்னிஷுக்கு வருவோம். உட்புறத்தில் வெயில் குறைவு என்பதால் வெளியில் போல எட்டு கோட் தேவையில்லை, நான்கைந்து போதும். முதல் கோட்டைத் தின்னரில் பாதிக்குப் பாதி கலந்து நன்றாக ஊறவிடுங்கள். இரண்டாவதில் கால் பங்கு தின்னர். பிறகு ஏறக்குறைய கலக்காமலே. வெறும் மரத்துக்கு 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 150, கோட்டுகளுக்கு நடுவே 220 அல்லது 320. மங்கலான சாட்டின் முடிவு பிடிக்கும் என்றாலும் அடிக்கோட்டுகள் எல்லாம் பளபளப்பு வகையாகவே இருக்கட்டும், கடைசிக் கோட் மட்டும் சாட்டின். மங்கலாக்குவதற்காகச் சேர்க்கும் நுண்பொடி அடுக்கடுக்காக ஏறினால் மரத்தின் ரேகை புகைமூட்டத்துக்குள் போய்விடும்.

அடுத்த கோட் எப்போது? டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 20 டிகிரிக்கானது. எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது, குளிரில் அது நிதானமாகவே நடக்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு உப்புத்தாளைக் கேளுங்கள். தேய்த்தால் வெண்பொடி உதிர்ந்தால் அடுத்த கோட்டுக்குத் தயார். தாளில் பிசின்போல் உருண்டால் இன்னொரு நாள் விடுங்கள்.

மரத்துக்கு மரம் சிறு கவனங்கள் உண்டு. தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் பூசுவதற்கு முன் அசிட்டோன் துணியால் துடைக்க வேண்டும். ஓக் மரத்தில் இரும்புக் கம்பளி பட்டால் உதிரும் துகள் ஈரத்தில் கறுப்புப் புள்ளியாகும், செயற்கை நார்ப்பட்டையே நல்லது. எபாக்சி பூசிய பரப்பை அப்படியே ஜன்னலுக்குக் கீழே விட்டுவிடாதீர்கள். சூரிய ஒளியில் எபாக்சி மஞ்சளாகிச் சிதையும், புறஊதா தடுக்கும் வார்னிஷோ பெயிண்டோ மேலே வேண்டும்.

6. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள்

குளிர்கால வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கதவு, இழுப்பறை, மேசை, கூரைப்பலகை, விளிம்புச் சட்டம் எல்லாவற்றையும் படகில் பொருத்திப் பார்த்து, பின்பக்கம் எண் எழுதி, கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சூடான அறையில் பலகையைக் கிடையாக வைத்துப் பூசினால் வழியாது. தூசி குறைவு. தலைக்குமேல் கையைத் தூக்கிக்கொண்டு கூரையடிக்க வேண்டியதில்லை. பின்புறத்துக்கும் ஓரங்களுக்கும் பூச்சு கிடைக்கிறது, படகுக்குள் பொருத்திய பிறகு அது முடியவே முடியாது. பின்னால் பசை வைத்து ஒட்ட வேண்டிய இடங்களை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சூடான அறையில் திட மரம் வெகுவாக உலர்ந்து சுருங்கும். அந்த நிலையில் பலகையைச் சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தினால், தண்ணீரில் இறங்கிய பிறகு ஈரம் குடித்துப் பருத்து வளையும் அல்லது சட்டத்தைப் பிளக்கும். அகலவாக்கில் இடைவெளி விடுங்கள். சட்டத்துக்குள் நுழையும் பலகையை முன்னரே வார்னிஷ் பூசிவிட்டுப் பொருத்தினால், பின்னால் சுருங்கினாலும் பூசாத கோடு வெளியே தெரியாது. பிளைவுட்டுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

7. தரை, சமையல் மேடை, அடுப்பருகே

தரையில் பளபள வார்னிஷ் ஈரக்காலுக்கு ஆபத்து. சாட்டின் வார்னிஷில் கடைசிக் கோட்டுக்கு முன் சொரசொரப்புத் துகள் தூவலாம், தேக்குத் தரையானால் எதுவும் பூசாமலே விடலாம். சமையல் மேடைக்கு ஃபார்மிகா போன்ற தகடு எந்தப் பூச்சையும்விட நீடிக்கும், அதன் வெட்டோரத்தை மட்டும் எபாக்சியால் அடையுங்கள். அடுப்பருகே எந்தப் பூச்சும் பாதுகாப்பாகாது. மரத்திலிருந்து சிறிது காற்றிடைவெளி விட்டு உலோகத்தகடு பொருத்த வேண்டும். சுவரில் கம்பளமோ துணியோ ஒட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பின்னால் ஈரம் தங்கி, மரத்தின் நிலைமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

8. மாதிரிப் பலகை

உண்மையான பலகையில் கை வைப்பதற்கு முன், அதே மரத்துண்டில் அதே வரிசையில் எல்லாக் கோட்டுகளையும் படகுக்குள் இருக்கும் அதே வெப்பநிலையில் போட்டுப் பாருங்கள். எபாக்சியில் மிஞ்சியிருக்கும் அமீன் சில எண்ணெய் பெயிண்டுகளை உலரவிடாமல் பிசுபிசுப்பாகவே நிறுத்திவைக்கும். எபாக்சி நன்றாக இறுக ஒன்றிரண்டு வாரம் கொடுத்து, கழுவித் தேய்த்த பிறகும் மாதிரியில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள், பூச்சும் கூடவே வந்தால் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

9. மூச்சும் தீயும்

குளிருக்காக எல்லாத் திறப்பையும் அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பூசுவதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், பில்ஜில் போய்த் தேங்கும், ஒரு பொறி போதும். தின்னர் கலந்த எதைப் பூசும்போதும் பொறி பறக்கக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சூடாக்கி முடித்து, ஹீட்டரை வெளியே எடுத்து, வெளியேற்றும் காற்றோட்டத்தோடு பூசுங்கள். தின்னர் போன்ற கரிம ஆவிகளை வடிகட்டும் முகக்கவசம் போடுங்கள், தூசிக் கவசம் ஆவியைத் தடுக்காது. இரண்டு பாகப் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்கு ஆபத்தான வேதிப்பொருள் இருக்கிறது. அதைத் தூரிகையிலும் ரோலரிலும் மட்டும் வையுங்கள். தெளிப்பான் வைத்து அடிப்பது வெளியிலிருந்து குழாய்வழி காற்று பெறும் கவசம் உள்ளவர்களின் வேலை.

எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உலரும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

10. மூடுவதற்கு முன்

கடைசிக் கோட் உலர்ந்துவிட்டது என்று பெட்டி மூடிகளை உடனே சாத்த வேண்டாம். குளிரில் பூச்சு முழுதாக இறுக வாரங்கள் ஆகும். மூடிகள், தரைப்பலகைகள், கதவுகள் எல்லாவற்றையும் திறந்தே வைத்து, சில நாளுக்கு ஒருமுறை சூடாக்கிக் காற்றை மாற்றுங்கள். மெத்தைகளும் துணிகளும் வாசனை அடங்கிய பிறகு வரட்டும். பயன்படுத்திய ஒவ்வொரு பெயிண்டிலும் வார்னிஷிலும் கொஞ்சத்தைச் சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, எந்த இடத்தில் அடித்தது, எந்தப் பெயர், எந்த மாதம் என்று மேலே எழுதி, ஒரு சிறு தூரிகையோடு படகிலேயே வைத்துவிடுங்கள். முதல் கீறல் விழும்போது அதைத் தேடிக் கடைக்கு அலைய வேண்டியிருக்காது.